நாலு நாற்காலிக்கு அளவு எடுத்தேன், அக்கா

எப்போதும் எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் துண்டு போட்டு இடம் பிடித்து வைக்கும் என் கலா அக்காவுக்கு,

இந்த முறையும் நீதான் முந்திக்கொண்டாய். எனக்கு இடம் போட்டு வைத்திருந்தால் அது அப்படியே இருக்கட்டும், அவசரம் ஒன்றுமில்லை. இங்கே உன்னிடம் சொல்லி முடிக்க வேண்டிய சமாசாரம் நிறைய இருக்கிறது.

முதலில் உன் நாற்காலிகள். எங்கே இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பாய் என்று தெரியும். நாலுக்கும் புதுத் துணி போட்டாகிவிட்டது. அந்த நாலு துணியைச் சரியான அளவில் வாங்குவதற்குள் நான் பட்ட பாட்டை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். உனக்கு மட்டும் அந்த உரிமை உண்டு.

பாண்டிச்சேரிக் கடற்கரையில் ஏதோ ஓட்டலை மூடிவிட்டுச் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மினி லாரி பிடித்துப்போய் ஏற்றிக்கொண்டு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். தாழ்வான அலுமினியச் சட்டம். மெத்தையும் கிடையாது, பலகையும் கிடையாது. இரண்டு பக்கச் சட்டத்துக்கும் நடுவே விறைப்பாக இழுத்துப் போட்ட வலைத்துணி, அவ்வளவுதான். "கடலைப் பாத்துக்கிட்டிருந்த நாற்காலிடி. இப்ப நம்ம ஊரு சூளையைப் பாக்கட்டும்" என்று மொட்டை மாடியில், பீங்கான் சூளைகள் இருக்கும் தொழிற்பேட்டைப் பக்கம் பார்த்துப் போட்டாய். மேற்கு ஓரத்தில் உனக்கு, பக்கத்தில் மாமாவுக்கு, ஒன்று உன் மகள் யாழினிக்கு. நாலாவது எனக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் வரவில்லை என்றால் அதன் மேல் வடகம் காய வைத்தாய் என்பதும் எனக்குத் தெரியும்.

நீ போன பிறகு யாரும் மாடிக்குப் போகவில்லை. வெயில் மட்டும் போனது. பங்குனியில் ஒரு நாள் துணி காயப்போடப் போனபோது பார்த்தேன், உன் நாற்காலித் துணி நடுவில் கிழிந்து தொங்கியது. யாரும் உட்காராமலே கிழிந்திருந்தது. மற்ற மூன்றும் விரலால் தொட்டாலே பொடிந்து வந்தன. அங்கேயே நின்று அழுதேன். உனக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா என்று இன்று வரை தெரியவில்லை.

எனக்காக அழ ஏன் தோன்றியது என்று கேட்பாய். சொல்கிறேன்.

பத்து நாளைக்கு என்றுதான் உன் வீட்டுக்கு வந்தேன் அக்கா. காரியம் முடிந்தது. யாழினிக்கு பிளஸ் டூ, பரீட்சை முடியும் வரை இரு என்றார்கள். சரி என்றேன். வேலை பார்க்கும் தொழிற்பேட்டைக்குப் பின்னால் நான் இருந்த ஒற்றை அறையைக் காலி பண்ணினேன். மாமா ஒண்டி ஆளாக இருக்கிற வீட்டில் கல்யாணமாகாத கொழுந்தியா இருந்தால் ஊர் பேசும் என்று அம்மாவும் கருவேப்பிலங்குறிச்சி வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கு முப்பத்தொன்பது வயது. இந்த வயதிலும் ஊர் என்னை விடவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

பரீட்சை முடிந்தது. யாழினி சிதம்பரத்தில் பி.எஸ்.சி. சேர்ந்து விடுதிக்குப் போய்விட்டாள். நான் இருப்பதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. ஆனால் போ என்று யாரும் சொல்லவில்லை. போகிறேன் என்று சொன்னால் காதில் விழாத மாதிரி அம்மா பாத்திரத்தைத் துலக்குவாள்.

உன் சாவிக்கொத்து என் இடுப்பில். காஸ் சிலிண்டர் போடுகிறவர் "வீட்டுக்காரம்மா" என்று கூப்பிடுகிறார். ஒரு நாள் பீரோவில் இருந்து உன் ஜாக்கெட்டுகளை எடுத்துத் தையற்கடையில் கொடுத்து, என் அளவுக்குப் பிடிக்கச் சொல்லிக் கொண்டுவந்தாள் அம்மா. "நல்ல துணி, வீணாப் போவுதே" என்றாள். போட்டுப் பார்த்தேன். கை அசைக்க முடிந்தது, மூச்சு விட முடிந்தது. ஆனாலும் யாரோ என்னை உள்ளே வைத்துத் தைத்துவிட்ட மாதிரி இருந்தது. கழற்றி வைத்தவள்தான், மறுபடி தொடவில்லை.

பாண்டிக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் அச்சு வார்க்கும் மோல்டு பிரிவுக்குப் பொறுப்பாக என்னைக் கூப்பிட்டது உனக்கு நினைவிருக்கும். நீ படுக்கையில் விழுவதற்கு இரண்டு மாதம் முன்பு. "போடி, போ. இங்கேயே உக்காந்துகிட்டு ஃபியூஸ் கட்டைக்கே மோல்டு ஊத்திக்கிட்டிருப்பியா?" என்று முதலில் சொன்னவள் நீதான். அவர்கள் ஒரு வருஷம் எனக்காகக் காத்திருந்தார்கள். இந்த ஆடி ஒன்றாந்தேதிக்குள் வரவில்லை என்றால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது.

இந்த நேரத்தில்தான் அம்மா என்னிடம் வந்தாள்.

"ஆனியில கலாவுக்கு வருஷத் தெவசம் வருது. மாடியில அந்த நாலு நாற்காலிய சரி பண்ணி வை அமுதா. பெரியவங்க உக்காந்து பேசணும்."

"என்னா பேசணும்?"

"தெவசம் முடிஞ்சா வூட்டுல நல்ல காரியம் பண்ணலாம் இல்ல. மாப்ளயும் எத்தினி நாளுக்கு இப்பிடியே இருப்பாரு. நீயும் எத்தினி நாளுக்கு இப்பிடியே இருப்ப."

இரண்டு 'இப்பிடியே'யையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டாள், பார்த்தாயா? நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டறையில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிற உன் தங்கச்சி, அம்மாவின் முன்னால் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டு நின்றேன். கடைசியில் அம்மா அந்த வார்த்தையையும் சொன்னாள். "ஆஸ்பத்திரியில அவ எங்கிட்ட சொன்னா. அமுதாவப் பாத்துக்கம்மான்னு." நீ அப்படிச் சொன்னாயா? சொல்லியிருப்பாய். ஆனால் இதற்காகவா சொன்னாய்?

என் தலைவிதியைப் பேசி முடிக்க நாலு பேர் உட்காரப்போகிற நாற்காலிக்கு நானே துணி தேடிப் புறப்பட்டேன். வேடிக்கையாக இல்லை?

நம் ஊர்ப் பாலக்கரையில் குஷன் கடைக்காரர் அந்தச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி துணி நம்மகிட்ட கெடையாதும்மா. ரெக்சின் போட்டுத் தரவா?" என்றார். ரெக்சினில் ஆனி வெயிலில் உட்கார்ந்தால் பெரியப்பா வெந்து போவார் என்று ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. அப்புறம் போனில் தேடிக் கரூர்ப் பக்கம் ஒரு தையல் கம்பெனியைப் பிடித்தேன். வெளியூர் ஓட்டல்களுக்கெல்லாம் இந்த வலைத்துணியை அளவு சொன்னால் தைத்து அனுப்புகிறார்கள். போனில் ஒரு பெண் பேசினாள்.

"மேடம், பழைய துணிய அளக்காதீங்க. அது தொஞ்சு போயிருக்கும். சட்டத்துல துணி மாட்டுற இந்தப் பள்ளத்துலேருந்து அந்தப் பள்ளம் வரைக்கும் டேப் வச்சு அனுப்புங்க. மீதியை நாங்க பாத்துக்கறோம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இருபது வருஷமாக அளப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவளுக்கு இந்தப் பெண் அளக்கச் சொல்லிக் கொடுக்கிறாள்! சரிம்மா சரிம்மா என்று போனை வைத்துவிட்டு, என் வழக்கப்படி அளந்தேன்.

என் வழக்கம் உனக்குத் தெரியும். ஒருத்தர் உடைந்த பீங்கானைக் கொண்டுவந்து இதே மாதிரி வேண்டும் என்பார். நாங்கள் அந்தப் பீங்கானைத்தான் அளப்போம். அளந்து, பத்துக்கு ஒன்று கூட்டிக்கொள்வோம். களிமண் காய்ந்து சூளையில் வேகும்போது அந்த ஒன்று சுருங்கிவிடும். எங்கள் பட்டறையில் சரியான அளவில் மோல்டு செய்கிறவளுக்குத்தான் திட்டு விழும். நானும் அதே போல் உன் கிழிந்த துணியைத் தரையில் விரித்து அளந்தேன். தொய்ந்து போன துணி இருபதரை இன்ச் காட்டியது. கை தானாகவே இரண்டு இன்ச் கூட்டியது. இருபத்திரண்டரை என்று எழுதி அனுப்பினேன். நீளத்துக்கும் அதே கதைதான். சட்டத்தில் பள்ளத்துக்குப் பள்ளம் பத்தொன்பதுதான் என்பதை நான் பார்க்கவே இல்லை.

சிரிக்கிறாயா? சிரி. உன் ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவு எடுத்துக் கொடுத்து அது தரையைப் பெருக்கியதே, அன்றைக்கே சொன்னாய். "துணிய சூளையில வேக வெக்கப் போறியாடி?" இந்த முறை பக்கத்தில் இருந்து கேட்க நீ இல்லை.

தெவசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பார்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மாமாவுக்குப் பெண்ணாடம் ஆலையில் அன்றைக்கு விடுமுறை. நானும் அவரும் மாடியில் வைத்துப் போட்டோம். துணியின் இரண்டு ஓரத்தையும் மடித்துத் தைத்திருக்கிறார்கள். அந்த மடிப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் குச்சியைச் செருகி, சட்டத்தின் பள்ளத்துக்குள் மேலிருந்து இறக்க வேண்டும். வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது.

"நல்லா பூந்து போவுது அமுதா" என்றார் மாமா.

அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இரண்டு நாற்காலி முடிந்ததும் மாமா போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது தப்பு. இறங்கினார். இடுப்பு தரைக்கு நாலு விரல் மேலே போய் நின்றது, முன் கம்பி முழங்காலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது, இரண்டு காலும் வானத்தைப் பார்த்தன. தொண்ணூறு கிலோ மனிதர், ஏற்கெனவே முட்டி வலி. கையை ஊன்ற இடமில்லை.

"நீங்க சரியா உக்காரல மாமா. இடுப்ப முன்னால தள்ளணும். இப்பிடி" என்று காட்ட, பெரிய கெட்டிக்காரி மாதிரி பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

நானும் இறங்கினேன்.

சிரித்தோம் அக்கா. நீ போன பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை. சிரிக்கச் சிரிக்க இன்னும் ஆழமாகப் போனோம். சிரித்து ஓய்ந்ததும்தான் தெரிந்தது, இரண்டு பேராலும் எழுந்திருக்க முடியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எழுந்து போக வழியில்லாத இடத்தில் பேசுவதைத் தவிர வேறு என்ன செய்வது? மாமா தொண்டையைச் செருமினார்.

"அமுதா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியே?"

"கேளுங்க மாமா."

"உனக்கு இதுல இஷ்டமா?"

எதில் என்று நான் கேட்கவில்லை. "உங்களுக்கு?" என்றேன்.

அவர் காலுக்கு மேலே தெரிந்த ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்க கல்யாணத்தப்ப நீ எட்டாவது. யூனிஃபாரத்தோட பந்தியில மோர் ஊத்திக்கிட்டிருந்த. எனக்கு நீ இன்னும் அந்தப் புள்ளதான். நீ சாப்பிடக் கூப்பிடுற நேரத்துல சமயத்துல அவ கொரலு மாதிரியே இருக்குது. திரும்பிப் பாத்தா நீ நிக்கிற. எனக்கும் ஏமாத்தம். உன்னைப் பாத்தா அதுவும் பாவமா இருக்குது. என்னால முடியாதும்மா."

"இத ஏன் மாமா அம்மாகிட்ட சொல்லல?"

"நான் வேணாம்னு சொன்னா உன்னை வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடாதா? ஒரு வருஷம் வூட்டுல வச்சு வேல வாங்கிக்கிட்டு இப்ப வேணாங்கறான்னு பேச மாட்டாங்க?"

நானும் அதையேதான் நினைத்திருந்தேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதரை நான் வேண்டாம் என்று சொன்னால் அவருக்கு எவ்வளவு அவமானம் என்று. ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் மரியாதை பார்த்தே ஒரு வருஷம் மூச்சு முட்டிக் கிடந்திருக்கிறோம். அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க முடியாமல், அந்தப் பள்ளத்தில் கிடந்தபடியே அழுதேன். நிம்மதியில் வந்த அழுகை.

"பெரியவங்ககிட்ட நான் சொல்றேன். அது என் பொறுப்பு. நீ பாண்டிக்குக் கெளம்புற வேலையப் பாரு" என்றார்.

அப்போது அம்மா ஈரத்துணி வாளியோடு மாடிப்படி ஏறி வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அம்மா! தூக்கி விடும்மா!"

"இருங்க இருங்க, பேசிக்கிட்டு இருங்க. துணி அப்பறம் காயட்டும்" என்று வாளியோடு பூனை மாதிரி இறங்கிப் போய்விட்டாள். எவ்வளவு கத்தியும் வரவில்லை. கடைசியில் நான் நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்து, மாமாவை இழுத்து நிறுத்தினேன். அன்று மத்தியானம் அம்மா பாயசம் வைத்தாள்.

துணியைத் திருப்பி அனுப்பினேன். கரூர்ப் பெண் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். இந்த முறை நாலு சட்டத்தையும் பள்ளத்துக்குப் பள்ளம், மேலே ஒரு தரம், நடுவில் ஒரு தரம், கீழே ஒரு தரம் அளந்தேன். பத்தொன்பது. பென்சில் கையில் இருந்தது. கூட்டாதேடி, கூட்டாதேடி என்று உன் குரல் காதிலேயே நின்றது. பத்தொன்பது என்றே எழுதினேன். அந்த எண்ணை அப்படியே விடுவதற்கு எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது தெரியுமா?

தெவசத்துக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. பார்த்தால் சின்னதாகத் தெரிந்தது. குச்சியைச் செருகி ஒரு பக்கம் இறக்கினால் மறுபக்கம் எட்டவில்லை. மாமா ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டி இரண்டு பக்கச் சட்டத்தையும் உள்ளுக்கு இழுத்துப் பிடித்தார், நான் இம்மி இம்மியாக இறக்கினேன். கயிற்றை அவிழ்த்ததும் துணி விண்ணென்று நின்றது. தட்டினால் பறை மாதிரி சத்தம். ஒரு மணி நேரத்தில் நாலும் முடிந்தது. இரண்டு பேருக்கும் கை கொப்பளித்துவிட்டது.

உன் படையலை நன்றாகச் செய்தோம். உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைத் தெவசத்தன்று வைக்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள், முந்தின நாளே வைத்துவிட்டேன். வாசம் வந்ததா?

நாலு மணி வாக்கில் பெரியவர்கள் மாடிக்கு ஏறினார்கள். பக்கத்து மங்களூரில் இருந்து வந்த நம் பெரியப்பா, மாமாவின் அண்ணன், நம் தாய்மாமன். நாலாவதாக மாமா, உன் மேற்கு ஓர நாற்காலியில். அம்மா படிக்கட்டுக் கதவோரம் நின்றாள். நான் காபித் தட்டோடு நின்றேன். பெரியப்பாதான் ஆரம்பித்தார்.

"கலா போயி வருஷம் ஆச்சு. இனிமே நல்லது பேசலாம். வெளியிலேருந்து ஒருத்தி வந்தா யாழினிய எப்பிடி நடத்துவாளோ, யாருக்குத் தெரியும். அமுதா இருக்குறா. இந்த வூடும் அவளுக்குப் பழகிப்போச்சு. மாப்ள, நீங்க என்னா சொல்றீங்க?"

மாமா வாயைத் திறந்தார். "அது வந்துங்க..." என்றார். அவ்வளவுதான். மூடிக்கொண்டார். கை இரண்டும் சட்டத்தைப் பிடித்திருந்தன. நான் அவரையே பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"மாப்ள கூச்சப்படுறாரு. சம்மதம்னே வச்சுக்குவோம். ஆவணியில ஒரு தேதி பாப்போம்" என்றார் பெரியப்பா. தாய்மாமன் தலையை ஆட்டினார். காபியை எடுத்துக்கொண்டார்கள். முடிந்தது.

அந்த இடத்தில் எனக்கு வந்த பயத்தை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. அப்படியே கீழே இறங்கிப் போய், டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஆவணி வந்தால் உன் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்துவிடுவேன் என்று தெரிந்தது. என்னை யாரும் பூட்டி வைக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் கால் அசையவில்லை அக்கா.

அப்போது மாமா எழுந்தார். பேச வரவில்லை அவருக்கு, எழுந்திருக்க மட்டும் வந்தது. என் கையில் இருந்த தட்டை வாங்கிக்கொண்டார்.

"நீ உக்காரு அமுதா. உக்காந்து சொல்லு."

பெரியப்பா முன்னால் நான் உட்கார்ந்து பேசியதில்லை. நீயும் பேசியதில்லை, நம் அம்மாவும் பேசியதில்லை. உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். துணி துளிகூடத் தொய்யவில்லை. முதுகைப் பிடித்து நிமிர்த்தி வைத்தது.

"பெரியப்பா, எனக்கு இதுல சம்மதம் இல்ல. மாமாவுக்கும் இல்ல. எங்கக்கா எடத்துல என்னை வெக்காதீங்க, எனக்கு அது பொருந்தாது. ஒண்ணாந்தேதி நான் பாண்டிக்கு வேலைக்குப் போறேன்."

"மாப்ள, இவ சொல்றது நெசமா?"

கையில் காபித் தட்டோடு நின்ற மாமா, "நெசந்தாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

பெரியப்பா ஒரே உந்தில் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். நான் முதலில் தைத்து வாங்கிய துணியாக இருந்திருந்தால் மூன்று பேரும் எழுந்திருக்கவே முடியாது, நான் சொல்ல வேண்டியதையெல்லாம் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். சரியான அளவில் தைத்ததற்கு அப்போதுதான் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

யாழினிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "லீவு வுட்டா நான் பாண்டிக்கு வருவேன் சித்தி. பீச்சுக்குக் கூட்டிட்டுப் போவணும்" என்றாள். உன் மகள் அழவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. மூன்றாம் நாள் காலை நான் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"ஒருத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு வாசல்லயே நின்னேன். போயிட்டு வரேம்மான்னு சொல்லிட்டுத்தான் போனா. இப்ப நீயும் பெட்டிய எடுக்குற."

ஊர் வாய்க்குப் பயந்து அம்மா இதைச் செய்கிறாள் என்றுதான் இந்த ஒரு வருஷமும் நினைத்திருந்தேன். அவள் எனக்குக் கல்யாணம் தேடவில்லை அக்கா. என்னைக் கண் எதிரில் வைத்துக்கொள்ள ஒரு வழி தேடியிருக்கிறாள். இது ஏன் எனக்கு முன்னாலேயே தெரியவில்லை? தெரிந்திருந்தால் மட்டும் இருந்திருப்பேனா? இருந்திருக்க மாட்டேன். ஆனால் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். பாண்டி ரெண்டு மணி நேரந்தான்மா என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாமல் கேட்டாள்.

"அங்க ரூமுல உக்கார ஏதாவது இருக்குதா?"

"தரைதாம்மா."

"அவ நாற்காலிய எடுத்துக்கிட்டுப் போ. இங்க மூணு போதும்."

நாளை காலை கிளம்புகிறேன். உன் சாவிக்கொத்தை மாமாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். புளி ஜாஸ்தி, ஆனால் குடிக்கலாம். அம்மா இன்னும் ஒரு மாதம் அவருக்குத் துணையாக இருந்துவிட்டு ஊருக்குப் போகிறேன் என்கிறாள். உன் நாற்காலியை மினி வேனில் ஏற்றக் கயிறு கட்டி வைத்திருக்கிறேன். மறுபடியும் கடல் பக்கம் போகிறது அது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொரு ஆனியிலும் உன் தெவசத்துக்கு வருவேன். மாடிக்குப் போய் மூன்று நாற்காலியையும் தட்டிப் பார்ப்பேன். தொய்ந்திருந்தால் சட்டத்தைத்தான் அளப்பேன், ஒரு இன்ச் கூட்ட மாட்டேன். சாயங்காலம் அம்மாவுக்கு முன்னால் நின்று போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவேன். மறுபடியும் வருவேன், அவளுக்கு அது பழகும் வரை வந்துகொண்டே இருப்பேன். நீ சொல்லிவிட்டு வராமல் போனதை நான் வந்து வந்துதான் தீர்க்க வேண்டும்.

ஜன்னலோரம் உன் இடம் உனக்கே இருக்கட்டும். பக்கத்தில் எனக்குப் போட்ட துண்டை மட்டும் எடுத்துவிடாதே.

என்றைக்கும் உன் தங்கச்சி மட்டுமே,
அமுதா